கட்டற்ற மென்பொருளும் கடைக் கணக்கும்

மும்பையிலும் பெங்களூரிலும் சிறுதொழில் நடத்தும் நம்மவர் பலர் இன்று கணினியில்தான் பில் போடுகிறார்கள். ஆயினும் பில் ஓரிடத்தில், சரக்கு இருப்பு ஒரு நோட்டில், வரவேண்டிய பாக்கி முதலாளியின் நினைவில் என்று கணக்கு சிதறிக் கிடக்கும். கொள்முதல், இருப்பு, விற்பனை, பாக்கி, சம்பளம் யாவற்றையும் ஒன்றாகப் பிணைப்பதே இ.ஆர்.பி. மென்பொருள். ஒரு பில் எழுதியதும் இருப்புக் குறையும், வாங்கியவர் பேரில் பற்று ஏறும், வரிக் கணக்கும் சேரும்.

இவற்றுள் மூலநிரலையே திறந்து தருபவையும் உண்டு. மும்பையில் 2008-இல் தொடங்கிய ஃப்ராப்பே நிறுவனத்தின் இ.ஆர்.பி.நெக்ஸ்ட் அப்படிப்பட்டது, இந்திய வரிக்கான பகுதி தனி இணைப்பாக, அதுவும் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. பெல்ஜியத்தில் 2005-இல் பிறந்த ஓடூவில் சமூகப் பதிப்பு மட்டுமே திறந்தது. முழுக் கணக்குப் பகுதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கலாகாது.

கட்டற்றது என்றால் இலவசம் என்று பொருளல்ல. உரிமக் கட்டணம் இல்லை, உண்மைதான். சர்வர் வாடகை, நாள்தோறும் நகலெடுத்து வைத்தல், பழுது பார்ப்பவர் கூலி எல்லாம் நம் செலவே. ஆனால் அமைத்துக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போனாலும் வேறொருவரை அழைத்துத் தொடரலாம். கணக்கு நம் கையை விட்டுப் போகாது.

பெரும்பாலும் தடை கணினியில் இல்லை, சரக்குப் பட்டியலில் இருக்கிறது. ஒரு பைப் கடையை எடுத்துக்கொள்வோம். அரை அங்குலக் குழாய்க்குக் கொள்முதலில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், கிடங்கில் மற்றொரு பெயர். மென்பொருளுக்கு அவை மூன்று பொருள்கள்! ஒன்றில் இருப்பு ஏறிக்கொண்டே போகும். இன்னொன்றில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். ஆகவே முதல் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் எண்ணி, ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஓர் அளவு, ஓர் எச்.எஸ்.என். எண் என்று எழுதுவது. முழுக் குழாயாக வாங்கி அடிக்கணக்கில் விற்றால், ஒரு குழாய் எத்தனை அடி என்பதையும் குறிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளையை ஒதுக்கிவிட்டு இதைச் செய்யாதீர்கள். இத்தனை காலம் கடையைத் தலையில் சுமந்தவர் அவர். புதியது தம் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று அவர் நினைத்துவிட்டால் எந்த மென்பொருளும் ஓடாது. பட்டியலுக்கு அவரையே பொறுப்பாக்குங்கள். (இரண்டு நோட்டு வைத்திருப்பவர்களுக்கு இக்கட்டுரை பயன்படாது.)

பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிவு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் பதிய வேண்டும், அதை அணைக்க முடியாதிருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு விதி. திறந்த நிரலை யாரும் மாற்றலாம் என்பதால், தரவுத்தளத்துக்குள் நேரே நுழையும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று ஆடிட்டர் கேட்பார். பதிலை முன்பே எழுதி வையுங்கள்.

மாறுவதற்கு ஏப்ரல் 1 வசதியான நாள். ஆரம்ப இருப்புகளை முந்தைய ஆண்டு ஐந்தொகையிலிருந்து எடுக்கலாம். ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதி, ஏப்ரல் 30 இரவு ரொக்கமும் பாக்கியும் இரண்டிலும் ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் மே மாதமும் இரண்டும் ஓடட்டும்.