பேராசிரியரும் கழுதைக்குட்டியும்

நுழையும் முன்

குறும்படம் எடுக்க விரும்பும் மாணவர் பலர் முதலில் உரையாடலைத்தான் எழுதத் தொடங்குவர். துயரம் என்றால் அழுகை, நட்பு என்றால் தோளில் கைபோட்டுப் பேசுதல் என்று எண்ணிக்கொள்வர். பேச இயலாத இருவரை நடுவில் நிறுத்தித் துயரத்தையும் நட்பையும் காட்டிய ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

பாலக்காட்டுக் கல்பாத்தியின் அக்கிரகாரத் தெருக்களை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். இருபுறமும் ஒட்டி நிற்கும் வீடுகள், திண்ணைகள், தேர் ஓடும் வீதி. அத்தகைய தெருவொன்றில் ஒரு கழுதைக்குட்டி வளர்ந்தால் என்ன ஆகும்? இக்கேள்வியை 1977ஆம் ஆண்டில் எழுப்பிய படம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. இதை இயக்கிய ஜான் ஆபிரகாம் கேரளத்தைச் சேர்ந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். கதையை எழுதியவர் தமிழ் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்த எம்.பி. சீனிவாசன் தொழில்முறை நடிகர் அல்லர். மலையாளப் படங்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற தமிழர். மலையாளி தமிழில் படம் எடுக்க, மலையாளத்தில் இசையமைத்த தமிழர் அதில் நடித்தார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது வியப்பாக இராது.

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று பேராசிரியர் நாராயணசாமியின் வீட்டிற்குள் நுழைகிறது. அதன் தாயை ஒரு கூட்டம் கொன்றுவிட்டது. அவர் குட்டியை விரட்டவில்லை, வளர்க்கத் தொடங்குகிறார். கல்லூரியில் கேலி எழுகிறது. அதனால் அதைத் தம் சொந்த ஊரின் அக்கிரகாரத்திற்குக் கொண்டுசெல்கிறார். அங்கே அதைப் பார்த்துக்கொள்பவள் வாய்பேச இயலாத உமா.

ஊர்ச் சிறுவர் செய்யும் குறும்புகளின் பழியும் கழுதையின் மேல் விழுகிறது. உமாவிற்கு நேர்ந்த பெருந்துயருக்கும் அதன் வருகையே காரணம் என்று முடிச்சுப் போடுகின்றனர். கழுதையைக் கொன்றும் விடுகின்றனர். பின்னர் ஊரில் சில நன்மைகள் நிகழவே, கொன்றவர்களே அதற்குக் கோயில் எழுப்ப முனைகின்றனர்! இங்கே இரண்டு வகை வருத்தம் உண்டு. ஊராரின் வருத்தம் அச்சத்தில் பிறந்தது. பேராசிரியரும் உமாவும் கொண்ட துயரமோ, நாள்தோறும் உணவிட்டு, உடன் இருந்து பழகியதில் பிறந்தது. ஒன்றையொன்று அருகில் வைத்துக் காட்டியதே இயக்குநரின் துணிவு என்பேன். படம் எதிர்ப்புகளையும் சந்தித்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது.

இனி, இயக்குநரின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். கழுதைக்கு நடிக்கத் தெரியாது. மகிழ்ச்சியிலும் இழப்பிலும் அதன் முகம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அப்படியிருக்க, அதன் துயரம் நமக்கு எப்படிப் புலப்படுகிறது?

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் உருசிய இயக்குநர் லெவ் குலஷோவ் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதனோடு ஒருமுறை ஒரு கிண்ணம் சூப்பையும், மற்றொருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் சிறுமியையும் இணைத்துக் காட்டினார். முகம் அதேதான். பார்த்தவர்களோ முதலில் பசியையும் அடுத்துத் துயரத்தையும் அம்முகத்தில் கண்டனர். உணர்ச்சி முகத்தில் மட்டும் இல்லை. இரு காட்சிகளுக்கு இடையிலும் அது பிறக்கிறது. இணைத்துப் பார்ப்பவர் பார்வையாளரே. கழுதைக்குட்டி தாயை இழந்தது நமக்குத் தெரியும். ஆகவே அது வெறுமனே நிற்கும்போதும் நம் துயரத்தை அதன் முகத்தில் ஏற்றிப் பார்க்கிறோம்.

ஒலிக்கும் இது பொருந்தும். துயரக் காட்சியில் உரத்த வயலின் இசையைச் சேர்ப்பது எளிது, பெரும்பாலும் தேவையற்றது. காலியான தொழுவமும், அதன் பின்னால் கேட்கும் வழக்கமான தெருவோசையும் போதும். உலகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே இழந்தவருக்கு மிகவும் வலிக்கும்.

இதே இயக்குநர் 1986இல் மலையாளத்தில் எடுத்த ‘அம்மா அறியான்’ படத்திலும் துயரமே அறிமுகமற்றவரை ஒன்றுசேர்க்கிறது. இறந்த இளைஞன் ஒருவனின் செய்தியை அவன் தாயிடம் சொல்ல ஒருவன் புறப்படுகிறான். கொச்சி சேரும் முன் வழியெங்கும் நண்பர்கள் சேர்ந்து அது ஒரு கூட்டமாகிறது. ‘ஒடேசா’ என்னும் குழுவினர் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பணம் திரட்டி அப்படத்தை உருவாக்கினர். முதலாளி இல்லாமல் படம் எடுக்க இயலும் என்பதற்கு அது சான்று. இன்று உங்களுக்கு ஒரு கைப்பேசி கிடைத்தாலே ஒளிப்பதிவைத் தொடங்கலாம்.

அருஞ்சொற்பொருள்

தொழுவம் – கால்நடை கட்டும் இடம்; முனைதல் – முயலுதல்; புலப்படுதல் – தெரியவருதல்.

பயிற்சி

1. ஊராரின் வருத்தமும் உமாவின் துயரமும் எவ்வாறு வேறுபடுகின்றன? உம் சொற்களில் ஒரு பத்தி எழுதுக.

2. குலஷோவின் சோதனையை வகுப்பில் செய்து பார்க்கவும். நண்பர் ஒருவரின் முகத்தைக் கைப்பேசியில் அண்மைக் காட்சியாகப் பதிவுசெய்க. பின்னர் ஒரு காலித் தட்டையும், வாசலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பையும் தனித்தனியே அதனோடு இணைத்துக் காட்டுக. பார்த்தவர் கூறியவற்றைக் குறித்துக்கொள்க.

3. உடும்பன்சோலையின் ஏலத்தோட்டம் ஒன்றிற்குப் புதிதாக வந்த தமிழ்ச் சிறுமிக்கு மலையாளம் தெரியாது. பக்கத்து வீட்டில், அண்மையில் மனைவியை இழந்த மலையாள முதியவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் நட்பாவதை உரையாடலே இன்றி ஐந்து காட்சிகளாக எழுதுக. ஒவ்வொரு காட்சியிலும் கேட்கும் ஒலி எது என்பதையும் குறிப்பிடுக.