முன்னோட்டமும் பாயிரமும்

நூலுக்கு முகம் பாயிரம் என்பது தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பாயிரத்திற்குரிய பெயர்களாக நூன்முகம், அணிந்துரை, புனைந்துரை முதலியவற்றைச் சுட்டுகிறார். நூலுள் நுழைவோன் முன்னரே அறிந்துகொள்ள வேண்டியவற்றை அறிவித்துவிடுதலே அதன் பணியாகும்.

இன்று நம் மாணவர் நாள்தோறும் கண்டு, கேட்டு, பேசி மகிழும் பாயிரம் ஒன்று உண்டு. அது திரைப்படத்தின் டீசர். பெரும்படம் ஒன்றின் டீசர் மாலை ஆறு மணிக்கு வெளியாகிறதென்றால், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் ஆறு மணிக்குப் பிறகு நிமிர்ந்த தலையைக் காண்பது அரிது. இதனைக் கண்டிப்பது எளிது. கண்டுகொள்ளாமல் விடுவது அதனினும் எளிது. ஆயினும் பனுவலை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறையார், இக்குறும்படத்தையும் ஒரு பனுவலாகவே கொண்டு, அஃது எப்போது, எவ்வாறு, யாரை நோக்கி வெளியிடப்படுகிறது, அது தரும் வாக்கிற்குப் பொறுப்பு யாருடையது என நோக்குதல் தகும். அதுவே இக்கட்டுரையின் எல்லை.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் டிரெய்லர் என்பது பின்னால் இழுபட்டு வருவதைக் குறிக்கும் சொல். தொடக்கத்தில் இத்துண்டுப் படங்கள் காட்சி முடிந்த பின்னரே ஓட்டப்பட்டமையால் அப்பெயர் பெற்றன. 1913இல் நியூயார்க்கில் திரையரங்க விளம்பரப் பொறுப்பாளராக விளங்கிய நில்ஸ் கிரான்லண்ட், ஓர் இசை நாடகத்திற்காக ஆக்கிய சிறுபடமே முதல் முன்னோட்டம் என்பர். படம் முடிந்ததும் மக்கள் எழுந்து சென்றுவிடவே, அது காட்சிக்கு முன்னே இடம்பெயர்ந்தது. இடம் மாறியும் ஆங்கிலச் சொல் மாறவில்லை. தமிழரோ 'முன்னோட்டம்' எனப் பெயரிட்டனர். ஆங்கிலத்தில் பின்னால் வருவது தமிழில் முன்னால் ஓடுகிறது! பொருளுக்கு இயைந்த பெயர் நம்முடையதே என்பதில் நமக்கு ஐயமில்லை.

டீசர் என்பது முன்னோட்டத்தினும் சிறியது. சீண்டுவது என்பது அச்சொல்லின் பொருள். முன்னோட்டம் கதையின் போக்கை ஓரளவு காட்டும். டீசரோ ஒரு நடை, ஒரு பார்வை, ஓர் இசைத்துணுக்கு, ஒரு வசனம் ஆகியவற்றோடு நின்றுவிடும். பசியை மூட்டி, இலையைப் போடாமல் விடுவது அதன் இயல்பு.

திரைக்குப் பின் நின்று பாடியவன்

இக்கலை மேலைநாட்டிலிருந்து வந்ததென்று நம் மாணவர் எண்ணுவர். பழைய தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்தோர் அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரங்கள் தெருக்கூத்தின் தாய்நிலங்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் தலைமை இடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது.

கூத்து நடக்கும் இரவில் முதலில் எழுவது களரி கட்டும் ஓசை. மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து எழுப்பும் அவ்வொலி அக்கம்பக்கத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் எட்டும். 'இன்றிரவு இங்கே கூத்து' என்பதற்கு அதனினும் சிறந்த அறிவிப்பு வேண்டுமா? பின்னர்க் கட்டியங்காரன் தோன்றி, நிகழவிருக்கும் கதையை நகைச்சுவையோடு அறிவிப்பான். இவையெல்லாம் முன்னறிவிப்பே, எனினும் டீசருக்கு நேரான பகுதி இனித்தான் வருகிறது.

இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பர். அதன் பின்னே வேடதாரி வந்து நிற்பான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும். இடைப்பட்ட உருவம் முழுதும் மறைந்திருக்கும். மறைந்து நின்றபடியே அவன் தன் பெருமையைப் பாடுவான். சலங்கை அதிர ஆடுவான். திரை சற்றே அசையும். முகம் தோன்றுவது போலத் தோன்றி மறையும். முன்வரிசைச் சிறுவர் எழுந்து நின்றுவிடுவர். துரியோதனன் வேடமாயின் இக்காத்திருப்பு நெடுநேரம் நீளும். திரை விலகியதும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் மின்ன அவன் முழு உருவில் நிற்க, 'தாங்கள் யார்?' என்று கட்டியங்காரன் வினவுவான்.

மறைத்துக் காட்டுதலின் இலக்கணம் முழுதும் இதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இக்கட்டுரை முழுதும் அவ்வேறுபாட்டைச் சுற்றியதே. திரைக்குப் பின்னே பாடியவன் எவனோ அவனே முன்னே வந்தாக வேண்டும். வந்தவன் விடியும்வரை ஆடியாக வேண்டும். சுருதி குறைந்தாலும் அடவு தவறினாலும் ஊரார் அங்கேயே கேட்பர். வாக்கிற்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே இருந்தது ஒரு முழத்துணி மட்டுமே.

மாட்டுவண்டி முதல் ஒலிநாடா வரை

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபின் முன்னறிவிப்பும் பல வடிவம் கொண்டது. தட்டியைச் சாத்திக்கொண்டு மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் தெருத்தெருவாகச் சென்றன. வண்டியிலிருந்து வீசப்பட்ட நோட்டீசுக்காகப் பிள்ளைகள் ஓடினர். கதைச் சுருக்கத்தைத் தந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என முடியும் பாட்டுப் புத்தகத்தையும் நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். டீசரின் உத்தி அந்த ஒற்றைத் தொடரிலேயே உள்ளது. 1948இல் 'சந்திரலேகா'வை வெளியிட்ட எஸ்.எஸ். வாசன், அதுவரை இந்நாடு காணாத அளவில் விளம்பரத்திற்குச் செலவிட்டார். இலங்கை வானொலியிலும் விவித பாரதியின் வர்த்தக ஒலிபரப்பிலும் படத்தின் வசனத்துணுக்குகள் காற்றில் வந்தன. தொண்ணூறுகளில் ஒலிநாடா அப்பணியை மேற்கொண்டது. படம் வருமுன்பே பாடல்கள் தேநீர்க் கடைதோறும் ஒலித்தன.

அக்காலத்தில் திரையரங்கில் காட்டப்பட்ட முன்னோட்டம் படச்சுருளாகப் பெட்டியில் வரவேண்டும். முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருள் ஒரு நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டு நிமிட முன்னோட்டம் என்றால் 180 அடி. அதற்கும் படி எடுக்கக் காசு. ஆகவே சிற்றூர்த் திரையரங்குகளுக்குப் பெரும்பாலும் கண்ணாடிச் சிலைடும் 'விரைவில் வருகிறது' என்ற ஒற்றை வரியுமே வாய்த்தன. சென்னை பார்த்ததைத் திண்டிவனம் பிறகுதான் பார்த்தது. இணையம் அவ்விடைவெளியை அழித்துவிட்டது. இன்று சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மரக்காணத்துக்கும் டீசர் ஒரே நொடியில் வருகிறது. இதனை நாம் குறையாகக் கருதவில்லை.

எப்போது வெளியிடுகின்றனர்?

வெளியிடும் நாளைத் தேர்வதில் ஒரு பஞ்சாங்கமே உண்டு எனலாம். நடிகர் அல்லது இயக்குநரின் பிறந்த நாள் முதலிடம் பெறும். 'மெர்சல்' டீசர் 2017 செப்டம்பர் 21இல், இயக்குநர் அட்லியின் பிறந்த நாளில் வந்தது. படம் அக்டோபர் 18இல் தீபாவளிக்கு வந்தது. இடைவெளி இருபத்தேழே நாள். கமல்ஹாசனின் பிறந்த நாளான நவம்பர் 7இல், 2020ஆம் ஆண்டு 'விக்ரம்' பெயர் அறிவிப்பு டீசர் வந்தது; படம் வந்ததோ 2022 ஜூன் 3இல். திருநாள்கள் அடுத்த இடம் பெறும். '2.0' டீசர் 2018 விநாயக சதுர்த்தியன்று வந்தது. 2017 தீபாவளிக்கு வருவதாக முதலில் சொல்லப்பட்டிருந்த அப்படம், வரைகலைப் பணி நீண்டமையால், 2018 நவம்பர் 29இல்தான் திரையை எட்டியது. 'கபாலி' டீசர் 2016 மே முதல் நாள் வந்தது. படம் ஜூலை 22இல். மே முதல் நாள் மற்றொரு பெருநடிகரான அஜித்தின் பிறந்த நாள் என்பது மாணவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறித்த நாள் எப்போதும் நிலைப்பதில்லை. 'காலா' டீசர் 2018 மார்ச் 1இல் வருமென அறிவிக்கப்பட்டது; காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் மறைவையொட்டி ஒருநாள் தள்ளப்பட்டது; அதற்குள் அது இணையத்தில் கசிந்துவிடவே, நள்ளிரவிலேயே வெளியிட்டனர். ஏப்ரலில் வரவேண்டிய படமோ, அவ்வாண்டு தயாரிப்பாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தால் ஜூன் 7இல் வந்தது.

இவற்றுள் செம்மையான வரிசை 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்தினது என்பது நம் கருத்து. 2022 ஜூலை 8இல் டீசர், செப்டம்பர் 6இல் முன்னோட்டமும் பாடல்களும், செப்டம்பர் 30இல் படம். ஆவலைக் கிளறி, இடையில் சற்று ஆறவிட்டு, மீண்டும் எழுப்பினர். இதற்கு மாறாகக் 'கூலி'யின் பெயர் டீசர் 2024 ஏப்ரல் 22இல் வந்தது. படம் 2025 ஆகஸ்ட் 14இல். ஏறத்தாழப் பதினாறு மாதம்! அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர் சங்கம் 2014இல் வகுத்த நெறி, முன்னோட்டம் இரண்டு நிமிடத்திற்கு மேற்படலாகாது, படத்திற்கு 150 நாள்களுக்கு முன் காட்டலாகாது என்கிறது. அது திரையரங்குகளுக்கு மட்டுமே, இணையத்திற்கு எல்லையில்லை. நம் நாட்டிலும் திரையரங்கில் காட்டும் முன்னோட்டத்திற்குத் தணிக்கைச் சான்று வேண்டும். இணையத்தில் விடும் டீசருக்கு வேண்டுவதில்லை.

முடியாத படத்திற்கு டீசர் ஏன் என்னும் வினா எழும். டீசரைப் பார்ப்பவர் மாணவர். ஆனால் அது பேசுவது வணிகரிடத்திலும் ஆகும். தமிழகத் திரைவணிகத்தில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு மூன்றையும் சேர்த்து என்.எஸ்.சி. ஏரியா என வழங்குவர். விழுப்புரம் 1993இல் தனி மாவட்டமான பின்னரும் விநியோகஸ்தர் ஏட்டில் பழைய தென்னார்க்காடே வாழ்கிறது! அந்த ஏரியா உரிமை, வெளிநாட்டு உரிமை, தொலைக்காட்சி உரிமை, இணையத் திரை உரிமை ஆகியவற்றை விலைபேசும்போது, இத்தனை பேர் டீசரைப் பார்த்தனர் என்னும் எண்ணிக்கை தயாரிப்பாளருக்குக் கைகொடுக்கும். நம் மாணவர் ஒருவர் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கும்போது, தாம் அறியாமலே அவ்விலைப்பேச்சில் கூலியின்றிப் பங்கேற்கிறார்.

ஆவல் எல்லை கடப்பது எங்கும் உள்ளதே. 1998 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமொன்றின் டீசரைக் காண்பதற்காகவே அமெரிக்கர் பலர் வேறொரு படத்திற்கு முழுச்சீட்டு வாங்கி, டீசர் முடிந்ததும் எழுந்து சென்றனர். அவர்கள் எழுந்து சென்றதோடு சரி. 2023 அக்டோபர் 5இல் 'லியோ' முன்னோட்டத்தைத் திரையிட்ட சென்னைத் திரையரங்கு ஒன்றில் இருக்கைகளே நொறுங்கின.

வாக்குறுதியா, அழைப்பா?

முன்னோட்டத்தில் காட்டியது படத்தில் இல்லையெனில் கேட்க முடியுமா? இவ்வினா உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளது. 2016இல் வந்த 'ஃபேன்' என்னும் இந்திப் படத்தின் விளம்பரங்களில் ஒரு பாடல் ஓயாது காட்டப்பட்டது. மகாராட்டிரத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் அதனை நம்பித் தம் குடும்பத்துடன் படத்திற்குச் சென்றார். பாடல் படத்தில் இல்லை. அவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாவட்ட மன்றம் தள்ளியது. மாநில ஆணையம் பத்தாயிரம் ரூபாய் இழப்பீடும் ஐயாயிரம் ரூபாய் செலவுத்தொகையும் வழங்கியது. தேசிய ஆணையமும் அதனை ஏற்றது. 2024 ஏப்ரல் 22இல் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. முன்னோட்டம் ஒருதலையான விளம்பரம்; சீட்டு வாங்கத் தூண்டுவதேயன்றி, உள்ளே இன்னது காட்டப்படும் என்னும் வாக்குறுதியன்று; எனவே சேவைக் குறைபாடு எழவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் நோக்கில் அது முறையே. கலைஞன் இறுதிநாள் வரை வெட்டியும் ஒட்டியும் செம்மை செய்யும் உரிமையுடையவன். துண்டில் காட்டிய ஒவ்வொன்றையும் முழுமையில் வைத்தாக வேண்டுமெனின் படத்தொகுப்பே இயலாது. ஆயினும் தென்னார்க்காட்டுக் கூத்துத் திரை நம் நினைவை விட்டு அகலவில்லை. முதல்நாள் முதற்காட்சிக்கு நம் மாணவர் கொடுக்கும் தொகை, பலர் வீட்டில் தந்தையின் நாட்கூலியில் ஒரு பங்கு. சட்டம் வாக்கில்லை என்னும் இடத்தில், வாக்கென்று நம்பியே அப்பணம் கைமாறுகிறது.

இங்குத்தான் நன்னூல் துணைக்கு வருகிறது. தன் நூலுக்குத் தானே புகழுரை எழுதலாகாது என்று கருதிய நம் முன்னோர், பாயிரம் சொல்லும் உரிமையை ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருக்கே அளித்தனர். கம்பரும் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் தம் வாயால் பாடியது அவையடக்கம். தன்னைப் புகழ்தற்கு நன்னூல் விடும் விலக்குகள் சிலவே. தன் ஆற்றலை அறியாதார் நடுவே புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. அவ்விலக்கு, புதுமுகங்களை வைத்துச் சிறுமுதலில் படமெடுப்போனுக்குப் பொருந்தும். அவனுக்கு டீசரைத் தவிர வேறு வாயில்லை. உலகமே பெயரறிந்த நடிகரின் படத்திற்குப் பொருந்துமா என்பதை மாணவர் வாதிடட்டும்.

சிறப்புப்பாயிரம் பதினொரு செய்திகளைத் தரவேண்டும் என்பது இலக்கணம். இப்பதினொன்றையும் டீசரோடு பொருத்திப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஆக்கியோன் பெயர் உண்டு, நூற்பெயர் உண்டு, காலம் உறுதியாக உண்டு, வெளியீட்டு நாள் அல்லவா! நுதலிய பொருள் மறைக்கப்படுகிறது. வழி, அதாவது எதைத் தழுவியது என்பது, அறவே சொல்லப்படுவதில்லை. கேட்போர் யார், பயன் யாது என்னும் இரண்டுக்கும் இடமே இல்லை.

மூன்றாமாண்டு மாணவர்க்கு நாம் தரும் பயிற்சித்தாளில் இப்பதினொன்றும் வரிசையாக எழுதப்பட்டு, எதிரே இரு கட்டங்கள் விடப்பட்டிருக்கும். டீசர் வந்த அன்று இடக்கட்டத்தை நிரப்பித் தாளைத் துறையில் ஒப்படைக்க வேண்டும். படம் பார்த்தபின், பழையதைத் திருத்தாமல், வலக்கட்டத்தை நிரப்ப வேண்டும். படத்திற்குச் செல்லாதோர் வலக்கட்டத்தைக் காலியாக விடலாம். அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை.