பாமினியை விட்டு வர எந்த எடிட்டர்?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பழைய டைப்செட்டிங் கடைக் கணினியைத் திறந்து பாருங்கள். கோயில் மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் பாமினியில் கிடக்கும். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் ஆனது 2023இல் ‘மலையகம் 200’ என நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு வருடக் கதையின் கடைசிப் பகுதியில் கணிசமானது இந்த எழுத்துருவுக்குள்தான் அடைபட்டிருக்கிறது.

பாமினி பைலுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். சின்ன ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி அடித்தால் திரையில் ‘தமிழ்’ தெரியும். எழுத்துருவை எடுத்தால் தமிழும் போய்விடும். ஓரிரு பக்கத்தை யூனிகோடுக்கு மாற்ற இணைய மாற்றிகளே போதும். நாற்பது பைல் கையில் இருந்தால் சொந்தமாகக் கட்டளை எழுதிக்கொள்வதே மேல்.

விண்டோஸ்காரர் பலரும் முதலில் போய் நிற்பது நோட்பேட் ப்ளஸ் ப்ளஸில். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். செய்வதைப் பதிவுசெய்து மேக்ரோவாகப் பெயரிட்டு வைக்கலாம். ஏழெட்டுத் திருத்தங்களுக்கு இது அருமை. ஆனால் பாமினி-யூனிகோடு எழுத்து அட்டவணை முழுவதையும் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றிப் பதிவதற்குள் பொறுமை போய்விடும். வரிசை தப்பினால் கதை முடிந்தது. ‘கொட்டகலை’யின் ‘கொ’வுக்கு உள்ளே மூன்று எழுத்துகள்: என், எஃப், எச். அந்த மூன்றையும் சேர்த்து முதலில் மாற்ற வேண்டும், அடுத்து இரண்டெழுத்துச் சேர்க்கைகள், தனி எழுத்துகள் கடைசியில். ‘க’வை முந்தி மாற்றிவிட்டால் கொம்பு அநாதையாக நிற்கும்.

இந்த வேலைக்குப் பைதன் நிரல்தான் சரி. அட்டவணையை நீளமானது முதலில் வரும்படி அதுவே அடுக்கிக்கொள்ளும். சப்ளைம் டெக்ஸ்டில் பைதனிலேயே கட்டளை எழுதி மெனுவில் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது அதுவல்ல. நிரலைத் தனிப் பைலாக வைத்துவிட்டு, விம்மிலோ ஈமாக்ஸிலோ இருந்து அதற்குள் பைலை அனுப்பித் திரும்ப வாங்குவதுதான் என் வழி. எடிட்டரை மாற்றினாலும் நிரல் நம்மோடு வரும். விம் பழகச் சில வாரம் பிடிக்கும், அந்த அலுப்பு உண்மைதான். விஎஸ் கோட் அழகானது, ஆனால் மேக்ரோ பதிய அதில் தனி நீட்சி வேண்டும், பழைய கணினியில் மூச்சும் வாங்கும்.

எதை எடுத்தாலும் ஒரு கட்டளைக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள். பெயருக்கு முன்னால் எண் போட்டால் வரிசை மறக்காது: 1-குறியிடு, 2-மாற்று, 3-ஔகாரம்.

முதலாவது வேர்டுக்குள்ளேயே நடக்க வேண்டியது. வெற்று உரையாக்கியதும் எழுத்துரு விவரம் போய்விடும், ஆங்கிலத்தில் அடித்த சங்கப் பெயரின் சுருக்கமும் தமிழ்க் குப்பையாகிவிடும். ஆகவே வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, ஆங்கிலப் பகுதிகளுக்கு முன்னும் பின்னும் ஓர் அடையாளக் குறி போட்டுவிடுங்கள். மாற்றும் நிரல் அந்தக் குறிகளுக்கு இடைப்பட்டதைத் தொடாமல் விட வேண்டும்.

மூன்றாவதுதான் சுவாரசியம். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அதனால்தான் இணையத்தில் ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆகிறது, ‘வெள்ளவத்தை’ ‘வௌ்ளவத்தை’ ஆகிறது. மருந்து சின்னது: ஔகாரக் குறியை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ஔகாரமே இல்லை, அதைக் கொம்பும் ‘ள’வுமாகப் பிரித்துவிடுங்கள். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸின் தேடல் பெட்டியிலேயே, ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதைத் தெரிவுசெய்து, இதை ஒரே வரியில் எழுதலாம். இதற்கு மட்டும் மேக்ரோ போதும்.

கட்டளைகளோடு ஒரு சோதனைப் பைலும் இருக்கட்டும். அதில் பாமினியில் அடித்த கொட்டகலை, வெள்ளவத்தை, வெளியீடு, பௌர்ணமி, வௌவால். விதியைத் திருத்தும்போதெல்லாம் முதலில் இதை ஓட்டுங்கள். வௌவால் வௌவாலாகவே வந்தால் மலரைத் திறக்கலாம்.