நாளைப் பார்த்து அல்ல, லத்தியைப் பார்த்து

குதிரை வளர்ப்பில் நான் உறுதியாகக் கற்ற பாடம் இதுதான்: லாயத்திலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் நாள் குறித்துக் குடற்புழு மருந்து கொடுக்கும் வழக்கம் இனி உதவாது. அந்த வழக்கம் தோன்றியதற்குத் தக்க காரணம் இருந்தது. 1966இல் அமெரிக்காவின் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள், சுமார் 8 வாரங்களுக்கு ஒருமுறை மருந்து கொடுக்கும் முறையை முன்வைத்தார்கள். அன்றைய எதிரி பெரிய இரத்தப்புழு. அதன் இளம்புழுக்கள் குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் குடியேறி, இரத்தக்கட்டை உண்டாக்கிக் குதிரையைக் கொல்லும். அது முட்டையிடும் பருவத்தை அடைய ஆறு மாதமாவது ஆகும். அதனால் இடைவிடாத மருந்தில் அது அருகிப்போனது. சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும் சிறிய வட்டப்புழுக்களோ, அதே மருந்துகளைத் தாங்கப் பழகிவிட்டன.

மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். மாற்றிக் கொடுத்த பண்ணைகளிலும் எதிர்ப்புத்திறன் வளரத்தான் செய்தது. தேவையில்லாத குதிரைக்குக் கொடுப்பதை நிறுத்துவதே வழி. வளர்ந்த குதிரைகளில் சுமார் 20 விழுக்காடுதான் மேய்ச்சல் நிலத்தில் விழும் புழுமுட்டைகளில் 80 விழுக்காட்டை வெளியேற்றுகின்றன. லத்தியில் கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழே உள்ள குதிரைக்கு அடிக்கடி மருந்து வேண்டாம். 500ஐத் தாண்டியதற்குக் கட்டாயம் வேண்டும். மருந்து கொடுத்த 14ஆம் நாள் மறுபடி எண்ணிப் பார்த்தால், அது வேலை செய்ததா என்பதும் தெரிந்துவிடும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் இம்மருந்துகளை வாங்க முடியாது. அதனால் லத்திச் சோதனைக்கு மாறி, அதை மட்டுமே நம்பிய பண்ணைகளில் இரத்தப்புழு மீண்டும் தலைகாட்டியது. குடற்சுவரில் உறங்கும் இளம்புழுக்களையும் முட்டை எண்ணிக்கை காட்டாது. ஆகவே எண்ணிக்கை குறைந்த குதிரைக்கும் ஆண்டுக்கு ஓரிரு முறை மருந்து வேண்டும். குட்டிகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவற்றைத் தாக்கும் உருண்டைப்புழுவுக்குப் பல இடங்களில் ஐவர்மெக்டின் என்ற மருந்து பலிப்பதில்லை என்பதால், முதல் ஆண்டுக்கான மருந்துத் திட்டத்தைக் கால்நடை மருத்துவரோடு கலந்து வகுக்க வேண்டும். சோதனை கூடுதல் செலவு என்பாருக்கு என் பதில்: பலிக்காத மருந்துக்குக் கொடுக்கும் பணம்தான் வீண்செலவு.

அளவைக் கண்மதிப்பில் முடிவுசெய்யாதீர்கள். எடைநாடாவால் மார்புச் சுற்றை அளந்து எடையைக் கணக்கிடுங்கள். குறைந்த அளவு மருந்து, புழுவைக் கொல்லாமல் பழக்கிவிடும். மேய்ச்சல் நிலத்தில் வாரம் இருமுறை லத்தியை அள்ளுங்கள். புதிதாக வரும் குதிரையைச் சோதித்து, மருந்து கொடுத்த பிறகே மந்தையில் விடுங்கள். ஐவர்மெக்டின் 1980களின் தொடக்கத்தில் குதிரைகளுக்கு வந்தது. அதன்பின் வட்டப்புழுவுக்கென்று வேறு புதிய மருந்துவகை எதுவும் குதிரைகளுக்கு வரவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த தவணைக்கு முன் லத்தியைச் சோதனைக்கு அனுப்புங்கள்.