குயில்ட் தைக்கலாம், கணக்கோடு

இரட்டைக் கட்டிலுக்கு விரிக்கிற அளவில் ஒரு குயில்ட் தைத்து, அதை வைத்தே தொழிலைத் தொடங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. வேண்டாம். 90-க்கு 100 அங்குலத் துணி மூன்று அடுக்காகச் சேர்ந்தால், அதைச் சுருட்டி வீட்டு மிஷினின் கைக்கு அடியில் நுழைப்பதே பெரும்பாடு. எப்படியோ தைத்து முடித்தாலும், ரஜாய் எனப்படும் ஜெய்ப்பூர்ப் பஞ்சுப் போர்வையும் பானிபட் சரக்கும் கண்காட்சிகளில் போகிற விலைக்கு உங்களால் கொடுக்க முடியாது. 12-க்கு 18 அங்குல மேசை விரிப்பு, எட்டு அங்குலப் பிடிதுணி, மூன்றடிச் சதுரக் குழந்தை விரிப்பு: புதிதாக வருகிறவருக்குக் கையும் பழகி, காசும் வருவது இவற்றில்தான்.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓடுகிற தையல்தான் அதைச் சாதாரண ஒட்டுப்போட்ட விரிப்பிலிருந்து பிரிக்கிறது. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, வட கர்நாடகத்தின் கௌதி எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் வீடுகளில் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் பிள்ளைக்குத் தைத்துப் போடுவோமே, அதுவும் தூரத்து உறவு.

துணியில் ஆரம்பிப்போம்

திருப்பூர் பக்கத்தில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டைப் பார்த்ததும் ஆசை வரும். மலிவு, நிறமும் நிறைய. ஆனால் அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். ஐந்து அங்குலத்துக்கு வெட்டிய சதுரம் மிஷினில் போய் வருவதற்குள் ஐந்தேகால் ஆகிவிடும். கால்மிதி செய்ய அது போதும், குயில்ட்டுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது தறியில் நெய்த பருத்தி. ஈரோடு ஜவுளிச் சந்தையில் கட்பீஸாகக் கிடைக்கும். மேசை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் கரூரில் மிச்சத் துண்டுகள் வாங்கலாம். பக்கத்துத் தையல் கடையில் பிளவுஸ் வெட்டி மிஞ்சியதைக் கேட்டாலும் தருவார்கள். தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பாப்ளினோடு ஜீன்ஸைச் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே மெல்லியது சுருங்கி இழுக்கும்.

வெட்டும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் அந்தச் சிவப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. சுங்குடி, நீலம், மெரூன் மூன்றையும் இந்தச் சோதனை இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

நடு அடுக்குக்கு பாலியஸ்டர் வாடிங் எளிதில் கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு மெல்லியதே போதும், 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்). அதுகூட வேண்டாம் என்பவர்கள் பழைய நூல் பெட்ஷீட்டையே நடுவில் வைக்கலாம். ஜில்லென்று உடம்பில் ஒட்டும் விரிப்பாக வரும். சென்னைக்கும் மதுரைக்கும் உண்மையில் அதுதான் சரி. இலவம் பஞ்சைத் திணிக்காதீர்கள். உதிரிப் பஞ்சு ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். சூடான சட்டி பிடிக்கும் துணிக்கு மட்டும் பாலியஸ்டர் அறவே கூடாது, சூட்டில் உருகும். அதில் பருத்தி மட்டும்தான்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் மிஷின், பவர் மிஷின், வீட்டு எலக்ட்ரிக் மிஷின் எதுவானாலும் ஓடும். 14-ஆம் நம்பர் புது ஊசி, துணிக்கு மட்டும் என்று ஒதுக்கிய கத்தரிக்கோல், ஸ்டீல் ஸ்கேல், அட்டையில் வெட்டிய ஐந்து அங்குலச் சதுரம், சாக், இஸ்திரிப் பெட்டி, ஒரு டப்பா ஊக்கு. உருளைக் கத்தியும் அதற்கான விரிப்பும் அக்ரிலிக் ஸ்கேலும் வேலையைப் பாதியாகக் குறைக்கும் என்பது நிஜம். ஆனாலும் முதல் இரண்டு உருப்படிக்குப் பிறகு வாங்குங்கள். வாங்கினால், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை மூடும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இரண்டு நூல் அளவு

தையல் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். பிளவுஸ் தைக்கிறவர் பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க வேண்டுமே என்று தாராளமாகத் துணி விட்டுத் தைப்பார். குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் அங்குலம்தான். ஆசாரி கணக்கில் சொன்னால் இரண்டு நூல்.

மூன்றடி விரிப்புக்கு ஐந்து அங்குலச் சதுரங்கள் 64 வேண்டும், எட்டுக்கு எட்டு. ஒரு வரிசையில் எட்டுச் சதுரம், ஏழு தையல். இரண்டு நூலில் தைத்தால் வரிசை முப்பத்தாறரை அங்குலம் வரும். அடுத்த வரிசையில் கை அசந்து மூன்று நூலில் தைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் ஒரு நூலைக் கூடுதலாகத் தின்னும், ஆகத் தையலுக்குக் கால் அங்குலம். ஏழு தையலில் ஒன்றேமுக்கால் அங்குலம் காணாமல் போய், வரிசை முப்பத்து நான்கே முக்காலில் நிற்கும். இந்த இரண்டு வரிசையையும் எந்தத் தையற்காரராலும் சேர்க்க முடியாது.

வழி எளிது. மிஷின் தகட்டில் ஊசி இறங்கும் இடத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் அளந்து, மாஸ்கிங் டேப்பை நான்கைந்து மடிப்பாக மேடுபோல ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த மேட்டை உரசிக்கொண்டே போகட்டும். பார்வையை ஊசி மேல் வைக்காமல் டேப் மேல் வையுங்கள். பழைய துணியில் மூன்று சதுரம் இணைத்து நடுச் சதுரத்தை அளந்து பாருங்கள். நாலரை அங்குலம் இருந்தால் டேப் சரியான இடத்தில் இருக்கிறது. இல்லையென்றால் டேப்பை நகர்த்துங்கள், துணியை இழுத்துச் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம்.

இஸ்திரியும் சட்டை தேய்ப்பதுபோல இல்லை. பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். முதல் வரிசையின் தையல்களை எல்லாம் வலப்பக்கம் சாயுங்கள், இரண்டாவதை இடப்பக்கம். இரண்டு வரிசையையும் முகத்துக்கு முகம் வைத்து விரலால் தடவினால், எதிரெதிராகச் சாய்ந்த தையல்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்பது தெரியும். அங்கே ஊக்கு குத்துங்கள். நான்கு சதுரத்தின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திப்பதன் ரகசியம் இவ்வளவுதான். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதும் அந்தப் புள்ளியைத்தான்.

அடித்துணியும் பஞ்சுத் தகடும் நாற்பது அங்குலச் சதுரம் இருக்கட்டும். அடித்துணியைத் தரையில் கவிழ்த்து விரித்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் இணைத்த துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போய், ஒரு கைப்பிடி தூரத்துக்கு ஒரு ஊக்கு. மிஷினில் தையலைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, நடுக்கோட்டிலிருந்து ஓரங்களை நோக்கி நேர்கோடாகத் தையுங்கள். வாக்கிங் ஃபுட் என்ற பாதம் உங்கள் மிஷினுக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகரும், சுருக்கம் விழாது. கடைசியில் இரண்டரை அங்குல ஓரப்பட்டி. அகலத் துணியில் நான்கு பட்டி வெட்டினால் சுற்றளவுக்குப் போதும். பட்டியின் ஒரு பக்கத்தை மிஷினிலும், பின்பக்கத்தைக் கை ஹெம்மிங்கிலும் முடித்தால் வேலை கண்ணுக்கு அழகாகத் தெரியும்.

மிஷினே இல்லையா? வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்களின் கவந்தி வேலையைப் பாருங்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் துண்டுத் துணியை மடித்து வைத்து, ஊசிநூலால் ஓட்டுத் தையல் போட்டபடி ஓரமாகவே சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். நடுவில் வந்து முடியும். மூலைகளில் மடித்த துணியால் பூ வைப்பது வழக்கம். கால் அங்குலக் கணக்கு எதுவும் கிடையாது. கையில் கிடைத்த துண்டின் அளவே அளவு. அடுக்குமாடி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து தைக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வடிவத்தை அப்படியே நகலெடுத்து அவர்கள் பெயரில் விற்பது மட்டும் வேண்டாம். முறையைக் கற்றுக்கொண்டு உங்கள் வடிவத்தைத் தையுங்கள்.

விலை போடுவது

ஒரு மூன்றடி விரிப்புக்குத் துணி, பஞ்சு, நூல் எல்லாம் சேர்த்து 550 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வெட்ட ஒன்றரை மணி, இணைக்க மூன்று, இஸ்திரிக்கு ஒன்று, அடுக்க ஒன்று, தைக்க மூன்று, ஓரப்பட்டிக்கு இரண்டரை. மொத்தம் 12 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் உங்கள் கூலி என்றால் 900. ஆக 1,450. மின்சாரம், ஊசி, போக்குவரத்துக்குப் பத்துச் சதவீதம் சேர்த்தால் 1,595. அதன்மேல் 15 சதவீத லாபம் வைத்தால் 1,834 வரும். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே தைக்கிறாய்" என்று அந்த 900 ரூபாயை அழிக்கச் சொல்ல ஒருவராவது வீட்டில் இருப்பார். அழித்தால் நீங்கள் தொழில் செய்யவில்லை, தானம் செய்கிறீர்கள்.

கடையில் வைத்து விற்றால் கணக்கு மாறும். 30 சதவீதம் கழிவு கேட்கும் கடையில் 2,620 ரூபாய் எழுதினால்தான் உங்கள் கைக்கு 1,834 வரும். இன்னொரு முடிச்சும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பருத்திக் குயில்ட்டுக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாமல் தமிழ்நாட்டுக்குள் நேரடியாக விற்கிறவருக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் உங்களிடம் வாங்கும் கடைக்காரர் அந்த 2,500 எல்லையை மனத்தில் வைத்துத்தான் பேரம் பேசுவார். அளவைக் கொஞ்சம் குறைத்தாவது எல்லைக்குள் நிற்பது நல்லது.

லாபம் நிற்கிற வேலை எது என்று கேட்டால், வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் தைப்பது. அம்மாவின் சேலைகள், குழந்தையின் முதல் வருடச் சட்டைகள், அப்பாவின் வேட்டிகள். துணிச் செலவு குறைவு; விலையை ஜெய்ப்பூரோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். பொறுப்பு மட்டும் பத்து மடங்கு. வெட்டும் முன் ஒவ்வொரு துணியையும் போட்டோ எடுங்கள். எந்தப் பகுதியை வெட்டப் போகிறீர்கள், மிச்சத்தை என்ன செய்வது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் பாதி. பழைய பட்டு மடிப்பில் இற்றுப் போயிருக்கும். இரு கையாலும் மெல்ல இழுத்துப் பார்த்து, சரக்கென்று விட்டால் இஸ்திரி போட்டு ஒட்டும் மெல்லிய கேன்வாஸைப் பின்னால் கொடுத்துத்தான் வெட்ட வேண்டும். இற்றதே அதிகமென்றால் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை விரிப்பை விளையாட்டு விரிப்பு என்றே சொல்லி விற்பது முறை. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ இருக்கக் கூடாது என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. அதை ஒரு சிறிய அட்டையில் எழுதி விரிப்போடு கட்டிக் கொடுங்கள்.

சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மாவட்டப் பூமாலை வளாகம், கல்லூரிச் சந்தை, சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகக் கண்காட்சிகள் என்று விற்பனைக்கு வாசல்கள் இருக்கின்றன. மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், இணையத்தில் நீங்களே செய்யலாம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். கடன் திட்டங்களை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தெரிந்தவர் வட்டத்துக்கு வெளியே பத்து உருப்படி விற்கும்வரை எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் விரிப்பை விற்கவும் வேண்டாம், பரிசாகக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டிலேயே வைத்து வாரம் ஒருமுறை என ஐந்தாறு தடவை வாஷிங் மிஷினில் போடுங்கள். எந்தத் தையல் விட்டது, எந்தச் சாயம் இறங்கியது, ஓரப்பட்டி எங்கே பிரிந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சரிசெய்து தைத்த விரிப்பும் அதே சோதனையில் தேறிய பிறகு ஆர்டர் எடுங்கள்.