அக்கிக்குக் காவி எழுதினால் மட்டும் போதுமா?



அக்கி நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமா கொப்புளம் கிளம்பும், நெருப்புப் பட்ட மாதிரி எரியும். குயவர் வீட்டுக்குப் போய் காவி எழுதிட்டு வருவோம். உண்மையில் இது, எப்பவோ வந்துபோன சின்னம்மையின் கிருமிதான். அம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் நரம்புக்குள் தூங்கிக்கிட்டே இருக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது முழிச்சுக்கும். வயசானவங்களுக்கு வர்றது சகஜம். ஆனால் சின்ன வயசிலேயே அக்கி வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கிறாங்க. அக்கி வந்தவங்களுக்கெல்லாம் எச்.ஐ.வி. இருக்குன்னு நினைச்சுடாதீங்க, ஊரில் அப்படிப் பேசவும் விடாதீங்க. கொப்புளம் கிளம்பி மூணு நாளைக்குள் மருந்து ஆரம்பிச்சால் நல்லது. கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எச்.ஐ.வி. உள்ளவங்க உடம்பில் இப்படி வேறு வைரஸும் சேர்ந்தால் என்ன ஆகும்? நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற அணுக்கள் ஊர்க் காவல்காரர் மாதிரி. எச்.ஐ.வி. அந்தக் காவல்காரரையே பிடித்து அழிக்கிறது. இன்னொரு வைரஸ் நுழைந்தால் உடம்பு காவல்காரர்களை எல்லாம் எழுப்பி ஓடவிடும். முழித்து ஓடுகிறவர்களைத்தான் எச்.ஐ.வி. சுலபமாகப் பிடிக்கும், அவர்களுக்குள்தான் வேகமாகப் பெருகும். இப்படி ஒன்று இன்னொன்றுக்கு வழி விட்டுக்கொடுக்கிறது.

இதில் நாம் முக்கியமாகத் தெரிஞ்சுக்க வேண்டியது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி. பரவும் வழிகளில்தான் இதுவும் பரவும்: ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. ஆனால் எச்.ஐ.வி.யை விடச் சுலபமாகத் தொற்றும். ஒருவர் ஷேவிங் பிளேடை, பல் துலக்கும் பிரஷை இன்னொருவர் பயன்படுத்தினால்கூட வரலாம். சேர்ந்து சாப்பிடுவதால் இரண்டுமே வராது. பெரியவங்களில் பலருக்கு ஹெபடைடிஸ் பி தானாகவே போய்விடும். எச்.ஐ.வி. இருந்தால் உடம்பிலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். ஈரல் சுருங்குவதும் புற்றுநோயும் சீக்கிரம் வரலாம். கண் மஞ்சளாகணும்னு அவசியமில்லை. பல வருஷம் ஒன்றுமே தெரியாது. அதனால் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுக்கலாம்னு இருந்துவிட முடியாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லை என்று வந்தால் டாக்டரிடம் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கலாம்.

"மாத்திரை போட்டு நல்லாத்தானே இருக்கு, கொஞ்ச நாள் நிறுத்தினா என்ன?" என்று கேட்கிறவங்க உண்டு. ஏ.ஆர்.டி. மையத்தில் இப்போது பெரும்பாலானவங்களுக்குத் தரும் ஒரே மாத்திரையில் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என மூன்று மருந்து இருக்கு. முதல் இரண்டும் எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கி வைக்கும். திடீர்னு நிறுத்தினால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். ஈரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பஸ் காசு இல்லாமல், வேலைக்கு லீவு கிடைக்காமல் மாத்திரை விட்டுப்போகிறது என்றால் மையத்தில் இருக்கிற ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்க. வேறு டாக்டர் மருந்தை மாற்றச் சொன்னால், ஹெபடைடிஸ் பி இருக்கிறதையும் அவரிடம் சொல்லணும்.

ஹெபடைடிஸ் சி இன்னொன்று. அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சிகிச்சை இலவசம்.

பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்லணும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவங்களை விட ஆறு மடங்கு அதிகம். மற்றவங்க 30 வயதில் பரிசோதனை தொடங்கலாம்; எச்.ஐ.வி. உள்ளவங்க 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கணும். வெட்கப்பட்டுத் தள்ளிப் போடுறதுதான் நம்மிடம் இருக்கிற பெரிய கஷ்டம். குழுவிலிருந்து நாலு பேராகச் சேர்ந்து போனால் யார் எதற்கு வந்தாங்கன்னு யாருக்கும் தெரியப் போறதில்லை.

எச்.ஐ.வி. இருக்குன்னு குழுவில் சொல்லணும்னு யாரையும் கட்டாயப்படுத்த 2017-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுக்கலை. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்க.