எல்லை அறியா அலைகள்

கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்து அமைந்துள்ளது மத்திகிரி. கால்நடைப் பண்ணையால் பெயர் பெற்ற இவ்வூர், இன்று தொழிற்சாலைகள் மலிந்த வட்டாரத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. கருநாடக எல்லை சில கல் தொலைவிலேயே உள்ளது. நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு. வானில் பரவும் அலைகளுக்கு அஃது இல்லை.

கைப்பேசியில் ஒருவர் பேசும்பொழுது அவர் குரலை மின்காந்த அலைகள் கோபுரத்திற்குச் சுமந்து செல்கின்றன. அவை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றனவோ அதுவே அவற்றின் அதிர்வெண். ஓரிடத்தில் இருவர் ஒரே அதிர்வெண்ணில் அலைகளைப் பரப்பின், இருவர் செய்தியும் குழம்பும். எனவே, பயன்படத்தக்க அதிர்வெண்களின் தொகுதியாகிய அலைக்கற்றையை ஏரிநீர் போல முறைவைத்துப் பங்கிடுதல் வேண்டும். ஏரிநீர் இறைக்க இறைக்கக் குறையும். அலைக்கற்றையோ பயன்படுத்துவதால் தேய்வதில்லை. வீணே கிடந்த நாளின் பயன் மட்டும் மீளாது.

இப்பங்கீட்டிற்கு நம் நாட்டில் நெடுங்காலம் துணைநின்றவை 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் ஆகும். வீட்டு வானொலிப் பெட்டிக்கும் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் ஒன்று இருந்தது. அலைகள் யாருடைய உடைமை என்னும் வினாவிற்கு விடை தந்தது, வியப்பாக, மட்டைப்பந்து ஆட்டத்தின் ஒளிபரப்பைப் பற்றிய வழக்கே. அவை பொதுமக்களின் சொத்து என 1995 பெப்ருவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் வழங்கப்பெற்ற 122 உரிமங்களை அம்மன்றமே 2012இல் நீக்கியது. பொதுச்சொத்தை, முந்தி வந்தார்க்கு முதலில் என்னும் முறையில் ஈந்தது தவறென்பது அதன் முடிபு.

அலைக்கற்றை மாநிலவாரியான வட்டங்களாகப் பிரித்து வழங்கப்பட்டமையால், எல்லையோர மக்கள் ஒரு தனித் தொல்லைக்கு ஆளாயினர். வீட்டிலிருந்தே பேசினும், கைப்பேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால் வெளிவட்டக் கட்டணம் ஏறும். 2017இல் பெரிய நிறுவனங்கள் சில அக்கட்டணத்தைக் கைவிட்ட பின்னரே இத்தொல்லை தணிந்தது.

பழைய இரு சட்டங்களுக்கும் மாற்றாகத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வரைவு 2022இல் மக்கள் கருத்திற்காக வெளியிடப்பட்டது. திருத்தப்பெற்ற முன்வடிவு 2023 திசம்பர் 18ஆம் நாள் மக்களவைக்கு வந்து, 21ஆம் நாளே இரு அவைகளிலும் நிறைவேறியது. இத்துணைப் பெரிய பொருளுக்கு நான்கு நாள் மிகக் குறைவே. அலைக்கற்றையை ஏலத்தில் விடுவதே இச்சட்டத்தின் பொதுவிதி. காவல், பேரிடர்க்காப்பு முதலியன விலக்குப் பெறும். தொலைத்தொடர்பு எட்டாத சிற்றூர்களுக்கென ஒரு நிதியும் உண்டு. ஆள்மாறாட்டத்தால் சிம் அட்டை பெறுவோர்க்கு மூன்றாண்டுவரை சிறையோ, ஐம்பது இலட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊதியத்தைக் கைப்பேசி வழியே ஊருக்கு அனுப்பும் தொழிலாளர்க்கு இக்காவல் இன்றியமையாதது.

ஆனால் பொதுப் பாதுகாப்பின்பொருட்டுச் செய்திகளை இடைமறிக்கவும், தொடர்பையே நிறுத்தவும் அதே சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகின்றது. இணையம் நின்றால் அத்தொழிலாளர் அனுப்பும் பணமும் நிற்கும். காலவரையின்றி இணையத்தை நிறுத்துதல் ஆகாது என 2020இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுத்த ஆணை காரணத்துடன் வெளியிடப்படல் வேண்டும். ஓர் ஆணை பதினைந்து நாளுக்கு மேல் செல்லாது.